பெரியவளோட குரல்

லீவு போடறதுன்னா முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா தம்பி? இல்ல, நான் கேக்கறேன்… பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவுல ஒரே சுவரு, வண்டி நிறுத்தற இடம்கூட ஒட்டி ஒட்டித்தான் இருக்கு. "அம்மா, நாளைக்கு நான் வேலைக்குப் போகல, வண்டியை எடுக்க மாட்டேன்"னு ஒரு சொல்லு! வாயா வலிச்சுடும்? நேத்து விடிஞ்சும் விடியாததுமா கீழ இறங்கி வந்து, இந்தக் குளிர்ல, இந்தத் தூணோட தூணா நிக்கறேன்… நிக்கறேன்… நின்னுக்கிட்டே இருக்கேன். உங்களைக் காணவே காணோம். ஃபோன்ல எங்க வீட்டுக்காரர் வேற, "என்ன, இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா? என்ன, இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கார்.

இருங்க இருங்க, கதவைத் திறக்காதீங்க. போகலாம். ஆபீஸ் எங்க ஓடியா போகப்போகுது?

என்ன இப்படி முழிக்கறீங்க? ஓ… உங்களுக்கு விஷயமே தெரியாதுல்ல! தினமும் காலையில நீங்க வண்டியை எடுக்கறப்போ நான் ஃபோனை நீட்டிக்கிட்டு உங்க வண்டி முன்னாடி வந்து நிக்கறேன்ல… நம்மளை வழியனுப்பத்தான் இந்த அம்மா வருதுன்னு நினைச்சுட்டீங்களா? நினைச்சிருப்பீங்க! அதான் கையை ஆட்டினீங்க. நான் உங்களுக்கு டாட்டா காட்டல தம்பி. "ஆக்ஸிலேட்டரை நல்லா மிதிங்க"ன்னு சைகை காட்டினேன். ஒரு நாளாவது மிதிச்சீங்களா? சத்தமே இல்லாம பூனை மாதிரி நழுவிப் போயிடறீங்க. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள அவர் என்னத்தைக் கேப்பார், பாவம்?

ஆமா, சத்தம்தான். எனக்கு உங்க வண்டி சத்தம் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம். திருடிக்கிட்டா போறேன்?

அதோ பாருங்க, மெத்தை விரிப்பு போட்டு மூடி வெச்சிருக்கேனே, அதான் பெரியவ. எங்க கார். எங்களுக்குப் பொண்ணு ஒண்ணுதான் தம்பி. இப்ப நான் யார் வீட்டுல இருக்கேனோ அவ. ஆனா அவளைச் சின்னவன்னுதான் கூப்பிடுவார். ஏன்னா அவ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கார் வீட்டுக்கு வந்துடுச்சு. அதனால இது பெரியவ. ஒத்தப் பொண்ணு, அவ பேரு சின்னவ! கேட்டீங்களா கூத்தை? பள்ளிக்கூடத்துல டீச்சர் "உங்க அக்கா எந்த கிளாஸ் படிக்கறா?"ன்னு கேட்டிருக்காங்க. எம்மக, "அக்காவை அப்பா ஷெட்டுல போட்டுப் பூட்டி வெச்சிருக்கார்"னு சொல்லிட்டா. அந்த டீச்சர் பதறியடிச்சுக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாங்க. அவங்களை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார் பாருங்க… சும்மா காட்டல, பெருமையாக் காட்டினார். "தொட்டுப் பாருங்க, என்ன வழவழப்பு"ங்கறார்.

அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். விட்டுட்டேன்.

அவர் வேலை பார்த்தது தபால் ஆபீஸ்ல. ஆனா காது மட்டும் ஒர்க்‌ஷாப் காது. தெருமுனையில ஒரு வண்டி திரும்பினாப் போதும், உள்ள உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே "பிளக் போச்சு"ம்பார். எட்டிப் பார்த்தா அந்த வண்டிக்காரர் இறங்கி நின்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு இருப்பார். ஊருக்கெல்லாம் அப்படி வைத்தியம். எனக்கு மூணு நாளா காய்ச்சல் அடிச்சாலும் "என்ன சத்தத்தையே காணோம், ஊருக்குப் போயிருக்கியோன்னு நினைச்சேன்"ம்பார். அந்தக் கார்ல ஏறி இறங்கினா துணியெல்லாம் பெட்ரோல் வாசனை தம்பி. கல்யாண வீட்டுல நான் போய் உக்காந்தா, பக்கத்துல இருக்கறவங்க எழுந்து போய் அடுப்பைத் தள்ளி வைக்கச் சொல்வாங்க. அப்படி வாழ்ந்திருக்கேன்.

சரி, மக கூப்பிட்டா. "ரெண்டு பேரும் வயசான காலத்துல அங்க தனியா இருந்து என்ன பண்றீங்க, இங்க வந்துடுங்க"ன்னா. நான் அன்னிக்கே பெட்டியைக் கட்டிட்டேன். இவர் ஒத்தக் கால்ல நின்னார். "பெரியவ வந்தா நான் வர்றேன். அவ வரலைன்னா நானும் வரல." மக எவ்வளவோ சொன்னா… "அப்பா, இங்க வேற கார் வாங்கித் தர்றேன்ப்பா"ன்னா. "உனக்கு வேற அப்பா வாங்கித் தந்தா ஒத்துக்குவியா?"ன்னு கேட்டார்.

கப்பல்ல அனுப்பறதுன்னு முடிவாச்சு. அடடா, அந்தக் கூத்தை நீங்க பார்த்திருக்கணும்! மெத்தையென்ன, தலகாணியென்ன… வீட்டுல இருந்த போர்வை பூரா அதுக்குத்தான். நாங்க ரெண்டு பேரும் பேப்பரை விரிச்சுப் படுத்தோம். கன்டெய்னருக்குள்ள வேற யாரும் ஓட்டிட்டுப் போகக் கூடாதுன்னு இவரே ஓட்டிட்டுப் போனார். போனவர் கதவைத் திறக்கப் பார்க்கறார்… திறக்கல. ரெண்டு பக்கமும் இரும்புச் சுவரு ஒட்டிக்கிட்டு நிக்குது. வேற யாரா இருந்தாலும் வண்டியைப் பின்னாடி எடுத்திருப்பாங்க. இவரும் எடுத்திருப்பார். ஆனா உக்காந்து ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, கண்ணாடியை இறக்கி வெளிய இருந்த ஆளைக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்ல, அப்படியே சாத்திடுங்க. நான் இவகூடவே போயிக்கறேன்." கப்பல் கம்பெனி ஆளுங்க ஆடிப் போயிட்டாங்க. காலைப் பிடிச்சு, இடுப்பைப் பிடிச்சு, ஜன்னல் வழியா உருவி எடுத்தோம். தொப்பை மாட்டிக்கிச்சு. அப்பவும் "ஜன்னல் ரப்பர் பத்திரம், ஜன்னல் ரப்பர் பத்திரம்"னுதான் கத்தறார்!

அட, மணியைப் பார்க்காதீங்க தம்பி. முக்கியமான இடத்துக்கு இப்பத்தான் வர்றேன்.

அப்புறம் எங்க பேப்பருக்காக ஒரு ஆபீசுக்குப் போனோம். இந்த நாட்டுக்குள்ள வர்றதுக்குக் கேள்வி கேப்பாங்கல்ல, அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரியம்மா. எங்கிட்ட ரெண்டே கேள்வி, முடிஞ்சுது. அப்புறம் இவரை, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"ன்னாங்க. பழக்க தோஷம்… "ரெண்டு பொண்ணு"ன்னுட்டார். நான் மேஜைக்கடியில காலை மிதிக்கறேன். அவருக்கு உறைக்கல. "பேப்பர்ல ஒண்ணுதானே இருக்கு, பெரிய பொண்ணு எங்க?"ன்னாங்க. "அவ முன்னாடியே கப்பல்ல போயிட்டா." "யார் துணைக்குப் போனாங்க?" "தனியாத்தான். நான் கூடப் போறேன்னுதான் சொன்னேன், விட மாட்டேன்னுட்டாங்க. கன்டெய்னர்ல வெச்சுப் பூட்டிட்டோம்."

அந்த அம்மா எழுதிக்கிட்டு இருந்த பேனா கீழ விழுந்துடுச்சு தம்பி.

நான் இருக்கேன்ல பக்கத்துல, "ஐயோ, அது காருங்க!"ன்னு கத்தினேன். அவர் என்னை முறைக்கறார்… "அது"ன்னு சொல்லிட்டேனாம்! அப்புறம் போலீஸ் வந்து, ஷெட்டைப் பார்த்து, பழைய போட்டோவெல்லாம் பார்த்து… அதுலயும் என்ன பிரச்சனைன்னா, எல்லாப் போட்டோவுக்குப் பின்னாடியும் "பெரியவ, ஒரு வயசு", "பெரியவ, அஞ்சு வயசு"ன்னு அவரே எழுதி வெச்சிருக்கார். எல்லாம் தெளிவாகற வரைக்கும் அவர் பேப்பரை நிறுத்தி வெச்சுட்டாங்க. என் பேப்பர் வந்துடுச்சு. கார் அதுக்கு முன்னாடியே கப்பலேறிடுச்சு. ஆக மொத்தம், "கார் இல்லாம வரமாட்டேன்"னு சொன்ன மனுஷன் அங்க. அந்தக் காரும் அதை ஓட்டத் தெரியாத நானும் இங்க. சொன்னா யாராவது நம்புவாங்களா?

துறைமுகத்துல போய் இறக்கினது நான்தான். அங்க ஒரு ஆளு, இவ்வளவு உயரம்… அவர் பாட்டுக்குச் சாவியைப் போட்டார், கிளம்பல. நான் இவருக்கு ஃபோன் போட்டுக் காட்டினேன். இவர் அங்கிருந்து, "அவரை முதல்ல டேஷ்போர்டுல ரெண்டு தட்டு தட்டச் சொல்லு. மெதுவா. முதுகுல தட்டற மாதிரி"ங்கறார். நான் சைகை காட்டினேன், அந்த ஆளும் தட்டறார், பாவம். "இப்ப ஹாரனைப் பிடிச்சுக்கிட்டே சாவியைத் திருகச் சொல்லு." திருகினார். பெரியவ ஒரு உறுமு உறுமுனா பாருங்க… ஃபோன்ல இவர் அழறார். இந்த உயரமான ஆளு ஒண்ணும் புரியாம அவரும் கண்ணைத் துடைச்சுக்கறார். அப்புறம் லாரியில ஏத்திக் கொண்டாந்து இதோ இங்க இறக்கினாங்க.

அதோட விட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில… சொல்றதுக்கே கூசுது. அந்தக் கார்ல ரேடியேட்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு ஓட்டை. எத்தனையோ வருஷமா இருக்கு. அடைக்க மாட்டார். தினம் காலையில ஒரு சொம்பு தண்ணி ஊத்துவார். "அவளுக்கு ஒரு சொம்பு தண்ணி, எனக்கு ஒரு டம்ளர் காபி, ரெண்டு பேரும் சேர்ந்து குடிக்கறோம்"பார். அந்த வேலை இப்ப என் தலையில. ஃபோனைப் பக்கத்துல வெச்சுட்டு பானெட்டைத் தூக்கினேன். "உள்ள ஒரு மூடி இருக்கும் பாரு, திறந்து ஊத்து"ன்னார். பார்க்கறேன், ரெண்டு மூடி இருக்கு. ஒண்ணு திருகவே முடியல. இன்னொண்ணு லேசாத் திறந்துச்சு. எது லேசாத் திறக்குதோ அதுதானே தினமும் திறக்கறது? நீங்களே சொல்லுங்க! ஊத்திட்டேன். கடகடன்னு குடிச்சுச்சு. பாவம், அவ்வளவு தூரம் கடல்ல வந்த களைப்பு, தாகமா இருக்கும்னு இன்னொரு சொம்பும் ஊத்தினேன்.

சாவியைத் திருகினேன்… கொஞ்சம் ஓடுச்சு… கர்ர்ர்… அப்புறம் "கடக்"னு ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் மூச்சு பேச்சு இல்ல.

நான் ஃபோனை டக்குனு அணைச்சுட்டேன். மறுநாள் கேட்டதுக்கு "சிக்னல் போயிடுச்சு"ன்னேன். மகளுக்குத் தெரியாம நம்ம ஊர்க்கார மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அவர் ஒரு கம்பியை உருவிப் பார்த்தார், அதுல டீ மாதிரி வழியுது. பால் டீ. நான் ஊத்தினது ஆயில் ஊத்தற இடமாம். தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டார் தம்பி. "இதுக்கு சாமான் கிடைக்காதும்மா, மியூசியத்துல கேட்டுப் பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

இவர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? பேப்பர் சரியாகி ரெண்டு வாரமாச்சு. டிக்கெட் எடுங்கன்னா, "பெரியவ முதல்ல அந்த ஊரு தண்ணிக்குப் பழகட்டும், பார்த்துட்டு வர்றேன்"னு இழுக்கறார். அவளே இல்லைன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் வருவாரா? எனக்கு அது ஒண்ணுதான் பயம். மக காலையில போனா இருட்டினப்புறம்தான் வர்றா. நான் பகல் பூரா அந்த நாலு சுவத்தோட பேசிக்கிட்டு இருக்கேன். உங்களைத் தவிர இங்க யார் பேச்சும் புரியல, டிவியும் புரியல… தனியா இருக்க முடியல தம்பி. சண்டை போடவாவது ஒரு ஆளு வேணாமா?

அப்பத்தான் உங்க வண்டி கிளம்புற சத்தம் கேட்டுச்சு. கடவுளாப் பார்த்து அனுப்பின மாதிரி! ஃபோனை நீட்டினேன். "கேக்குதா, பெரியவதான்"னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "ம்… நல்லா இருக்கா"ன்னார். அதுலேர்ந்து தினமும் இதான். அவர் காதுல பூ சுத்திக்கிட்டு இருக்கேன். ஆனா ஒண்ணு தம்பி, கார் நல்லா இருக்குன்னு தெரிஞ்சா அந்த மனுஷனுக்கு மனசே மாறிடுது! சத்தத்தை ஒரு நிமிஷம் கேக்கறார், அதுக்கப்புறம் அரை மணி நேரம் என்னைப் பத்தியே கேக்கறார். "சாப்பிட்டியா? முட்டி வலி எப்படியிருக்கு? குளிருக்கு என்ன போட்டுக்கிட்டே?" கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து ஒரு நாள் கேட்டதில்ல! எல்லாம் உங்க வண்டி புண்ணியம்.

அப்படிப்பட்ட நேரத்துலதான் நீங்க லீவு போட்டு என் தலையில குண்டைத் தூக்கிப் போட்டீங்க. அவர் "இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா"ங்கறார். ஓடினேன் மேல. முட்டி வலியோட ஓடினேன். சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டேன்.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. வேற என்ன பண்ணச் சொல்றீங்க? வெறும் ஜாடியை மூணுல வெச்சுத் திருகிட்டு ஃபோனைப் பிடிச்சேன். செத்தோம்னு நினைச்சேன். அப்புறம் சொல்றார், "ஆஹா, இன்னிக்குத்தான் அவ குரல் சரியா இருக்கு. ஆனா ரொம்ப நேரம் ஓட்டாதே, சூடாயிடும்"னு! அந்த ஒர்க்‌ஷாப் காதும் போச்சு தம்பி. வயசாயிடுச்சுல்ல. போனாப் போகுது, ஆனா பாருங்க, நேத்து சாயங்காலமே டிக்கெட் எடுத்துட்டார். வெள்ளிக்கிழமை வர்றார். மிக்ஸி சத்தத்தைக் கேட்டு விமானம் ஏறுற ஒரே ஆளு எங்க வீட்டுக்காரராத்தான் இருப்பார்.

அதான் உங்ககிட்ட வந்தேன். ஒரு சின்ன உதவி. பெருசா ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை அவர் வந்து இந்தப் போர்வையைத் தூக்கிப் பார்ப்பார்ல… அப்ப நீங்க பக்கத்துல வந்து நின்னு, "மன்னிச்சுடுங்க சார், அதுல தண்ணி ஊத்தினது நான்தான்"னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அடிக்கல்லாம் மாட்டார். அழுவார், அவ்வளவுதான். என்ன தம்பி, தலையை இப்படி ஆட்டறீங்க? உங்களுக்கு அவர் அந்நியம். திட்டினா ஒரு நாளோட போச்சு. எனக்கு அப்படியா?

சும்மாவும் கேக்கல. உங்க வண்டிக்கு வைத்தியமும் ஆயிருக்கு. முந்தாநாள் சத்தத்தைக் கேட்டுட்டு, "லேசா ஒரு இழுவை தெரியுது, டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கு, சீக்கிரம் மாத்தச் சொல்லு"ன்னார். நான் எங்க காதுல வாங்கினேன், "சரிங்க சரிங்க"ன்னுட்டு ஃபோனை வைக்கறதுலயே குறியா இருந்தேன். இப்பத்தான் ஞாபகம் வருது. மாத்திடுங்க தம்பி. அவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.

என்ன? … ஆமா, இழுக்குதா? ரெண்டு நாளாவே இழுக்குதா? பார்த்தீங்களா! அதுக்குத்தான் நேத்து லீவு போட்டு ஒர்க்‌ஷாப்புல கேக்கப் போனீங்களா? எங்கிட்ட கேட்டிருந்தா… என்ன? … டீசல் வண்டின்னு அவருக்கு எப்படித் தெரியுமா? சத்தத்தை வெச்சுத்தான். நான்தான் சொன்னேன்ல, அந்தக் காது… எங்க வண்டியா? எங்க வண்டி பெட்ரோல்.

…

எங்க வண்டி பெட்ரோல் தம்பி.

…

இருங்க.

அப்போ… அன்னிக்கு அந்த "கடக்"… ஃபோன் பக்கத்துலதானே இருந்துச்சு. அவருக்கும் கேட்டிருக்கும். நான் ஊத்தினதுகூடக் கேட்டிருக்கும். முதல் நாள் உங்க வண்டி சத்தத்தைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசாம இருந்தாரே… மிக்ஸிக்கு "சூடாயிடும்"னாரே… அட பாவி மனுஷா! நான் பூ சுத்தறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன், நீ காதைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தியா? தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் கேட்டே? தெரிஞ்சுக்கிட்டேவா டிக்கெட் எடுத்தே?

அப்ப அந்த மனுஷன் காருக்காக வரலையா தம்பி?

…

ஐயோ, ஃபோன். அவர்தான்.

வண்டியில ஏறுங்க. ஏறுங்க தம்பி, சாவியைப் போடுங்க. தெரிஞ்சா என்ன? கேக்கறதுக்கு அங்க ஒருத்தர் உக்காந்திருக்கார்ல. போடுங்க.

ஹலோ… ம், எழுந்து ரொம்ப நேரமாச்சு. ஆமா, பெரியவ பக்கத்துலதான் நிக்கறேன். இருங்க, ஸ்டார்ட் பண்றேன்… நல்லா மிதிங்க தம்பி… கேக்குதா? … ஆமாங்க, நல்லாத்தான் இருக்கா. அந்த டீசல் ஃபில்டர்… மாத்தச் சொல்லிட்டேங்க.

… ஹலோ? ஏங்க? லைன்ல இருக்கீங்களா?

… சிரிக்காதீங்க. … சிரிக்காதீங்கன்னு சொல்றேன்ல! … எவ்வளவா? … ரெண்டு சொம்பு. … தெரியும், ஒண்ணுதான் ஊத்தணும்னு தெரியும்… தாகமா இருக்கும்னு நினைச்சேங்க.